மகள் பணம் கட்டுகிறேன் என்கிறாள், விடலாமா? விமானத்தில் மேல் வகுப்பு பற்றி ஒரு பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் மார்ச் கடைசியில் சிகாகோ போகிறோம். மகளுக்கு இரண்டாவது பிரசவம். சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட், அங்கிருந்து சிகாகோ. போக வர எகானமி டிக்கெட், மகளே எடுத்து அனுப்பிவிட்டாள். எனக்கு 68 வயது. மனைவிக்கு 63, மூட்டுவலி உண்டு. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போனாலே கால் வீங்கிவிடும். போன வாரம் விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடுதல் பணத்துக்கு 'பிட்' போட்டால், அதாவது ஏலம் கேட்டால், மேல் வகுப்பு கிடைக்கலாமாம். ஒவ்வொரு விமானத்துக்கும் தலைக்குக் குறைந்தபட்சம் பிரீமியம் எகானமிக்கு ₹22,000, பிசினஸ் கிளாஸுக்கு ₹65,000 என்று காட்டுகிறது. நான்கு விமானத்துக்கும் பிசினஸே கேட்டுவிடலாம் என்கிறாள் மகள். கணக்குப் போட்டால் ஐந்து லட்சத்துக்கு மேல் வருகிறது. ஒரு நாள் உட்கார்ந்து போவதற்கு இவ்வளவா என்று எனக்கு மனசு வரவில்லை. மனைவியும் வேண்டாம் என்கிறாள். ஆனால் போன தடவை சிகாகோவில் இறங்கி நான்கு நாள் அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. என்ன செய்யலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்:

ஐயா, வணக்கம்.

திருச்சியில் டிராவல்ஸ் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து "அப்பா அம்மாவுக்கு பிசினஸ் போடுங்கள்" என்று போன் செய்வார்கள். அரை மணி கழித்து அப்பா தனியாக அழைத்து "அதெல்லாம் வேண்டாம், சாதா டிக்கெட்டே போடுங்கள், அவனிடம் சொல்லாதீர்கள்" என்பார். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே மொத்தப் பயணத்தையும் ஒரே பொட்டலமாகப் பார்க்கிறார்கள். எடுத்தால் எல்லாம் பிசினஸ், இல்லாவிட்டால் எல்லாம் எகானமி. விமானக் கம்பெனி உங்களிடம் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகத்தான் விலை கேட்டிருக்கிறது. நீங்களும் தனித்தனியாகவே பதில் சொல்லலாம்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். போகும்போது சென்னை–ஃப்ராங்க்ஃபர்ட் விமானத்துக்கு மட்டும் பிசினஸ் கேளுங்கள். ஃப்ராங்க்ஃபர்ட்–சிகாகோவுக்கு, மகள் கேட்டே தீருவாள் என்றால், பிரீமியம் எகானமி போதும். திரும்பி வரும் இரண்டு விமானங்களுக்கும் ஒன்றும் வேண்டாம்.

ஏன் அந்த ஒரு விமானம்? உங்கள் உடம்பின் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் காலையில் எழுந்து, பெட்டி கட்டி, கோயிலுக்குப் போய்விட்டு, மதியம் காரில் ஏறுவீர்கள். ஆறேழு மணி நேர ரோடு. மீனம்பாக்கத்தில் செக்-இன், இமிகிரேஷன் வரிசை எல்லாம் முடிந்து, ஃப்ராங்க்ஃபர்ட் விமானம் கிளம்பும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அதற்குள் ஏறக்குறைய இருபது மணி நேரம் விழித்திருப்பீர்கள். அதன்பின் பத்து மணி நேரப் பயணம். அந்தப் பத்து மணி நேரம் முழுக்க உங்கள் உடம்புக்கு ராத்திரியும் விடியற்காலையும்தான். அங்கே பிசினஸில் விரிகிற படுக்கை கிடைத்தால் அம்மா ஆறு மணி நேரமாவது காலை நீட்டிப் படுத்துத் தூங்குவார்.

அடுத்த விமானத்தை இதோடு ஒப்பிடுங்கள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் காலை பதினொரு மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். நம் ஊரில் அப்போது மதியம் மூன்று மணி வாக்கில் இருக்கும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பறந்து சிகாகோவில் இறங்கும்போது அங்கே மதியம், இங்கே ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில். அதாவது அந்தப் பயணம் முழுக்க உங்கள் உடம்பு விழித்திருக்கும் நேரம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது "பெல்ட் போடுங்கள்" என்பார்கள். விழித்திருக்கிற நேரத்துக்குப் படுக்கை வாங்கி என்ன செய்வது? ஃப்ராங்க்ஃபர்ட்டில் சாயங்காலம் கிளம்பும் விமானம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். டிக்கெட்டில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சிகாகோவிலிருந்து வருவது இரவு விமானம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். ஏறினதும் சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து, விளக்கை அணைக்கவே இரண்டு மணி நேரம். இறங்குவதற்கு ஒன்றரை மணிக்கு முன்பே விளக்கைப் போட்டு டிபன் கொண்டுவந்துவிடுவார்கள். நடுவில் கிடைப்பது நாலரை, ஐந்து மணி நேரம். அதற்குத் தலைக்கு அறுபத்தைந்தாயிரம் என்பது எனக்கும் வலிக்கிறது. அதோடு, வீட்டுக்கு வந்தபின் நீங்கள் ஒரு வாரம் படுத்துக் கிடந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. போகும்போது அப்படியில்லை. மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் சமையலறையில் நிற்கவும்தான் போகிறீர்கள். போன தடவை போன நான்கு நாள் இந்தத் தடவை போகக்கூடாது. அந்த நாட்களை வாங்கத்தான் பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மனசு கொஞ்சம் ஆறும்.

இப்போது எந்த வகுப்பில் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். எகானமியில் ஒரு சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 அங்குலம் வாக்கில் இருக்கும். ஜெர்மனியின் லுஃப்தான்சா 2014-இல் இந்த வகுப்பைக் கொண்டுவந்தபோதும் இந்த 38 அங்குலம்தான். ஆறேழு அங்குலம் என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரிகிறது, மூட்டுவலிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். முழங்காலை மடக்கியே வைத்திருக்க வேண்டியதில்லை, முன் சீட்காரர் சாய்த்தாலும் இடிக்காது. சீட்டும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கூடுதல் அகலம். காலைத் தூக்கி வைக்க ஒரு தாங்கி இருக்கும்.

ஆனால் அது படுக்கை இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பிரீமியம் எகானமியைப் 'பாதி பிசினஸ்' என்று நினைத்து வாங்கி ஏமாந்துபோகிறார்கள். அது நல்ல எகானமி, அவ்வளவுதான். 1990-களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக் போன்றவை இதை ஆரம்பித்தபோது பிசினஸ் கிளாஸிலேயே படுக்கை கிடையாது, பெரிய சாய்வு நாற்காலிதான். 2000 வாக்கில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸில் தட்டையாக விரிகிற படுக்கையைக் கொண்டுவந்தது. அதன்பின் மற்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். பிசினஸுக்கும் எகானமிக்கும் நடுவிலே பெரிய பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில்தான் இன்றைய பிரீமியம் எகானமி உட்கார்ந்திருக்கிறது, பள்ளத்தின் கீழ்க்கரையை ஒட்டி. பகலில் உட்கார்ந்து போக அது அருமை. ராத்திரி தூங்கிப் போக, எகானமியைவிடக் கொஞ்சம் மேல். அதனால்தான் உங்களுக்கு இரண்டாவது விமானத்தில் அது பொருந்தும் என்றேன், முதல் விமானத்தில் அல்ல.

பிசினஸில் நீங்கள் கொடுக்கும் பணத்துக்குப் பெறும் ஒரே பெரிய பொருள் அந்தப் படுக்கை. மற்றதெல்லாம் விளம்பரத்துக்கு. ஷாம்பெயின் உங்களுக்கு வேண்டாம். லவுஞ்ச் என்பது டிபன் கிடைக்கிற அமைதியான கூடம், அவ்வளவுதான். பிட்டில் கிடைக்கும் அப்கிரேடுக்கு அதுவும் உண்டா என்று நிபந்தனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விமானத்துக்குள் இருக்கும் காற்று ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம், ஈரப்பசையும் மிகக் குறைவு. அது முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒன்றுதான். எந்த வகுப்பிலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கால் வீக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். நீண்ட பயணத்தில் காலில் ரத்தம் கட்டுவதை 'எகானமி கிளாஸ் நோய்' என்று பேப்பரில் எழுதுவார்கள். வகுப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பஸ், ரயில், கார் எதிலும் வரும். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அப்போதும் சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்றது. பயப்பட வேண்டாம், ஆனால் அம்மாவை நடைபாதை ஓர சீட்டில் உட்கார வையுங்கள். ஜன்னல் ஓரம் கொடுத்தால் நடுவில் இருப்பவரை எழுப்பச் சங்கடப்பட்டுக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டார். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான். இறுக்கமான காலுறை போடலாமா, மாத்திரை ஏதும் வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அது என் வேலை இல்லை.

சரி, பிட் போடுவதற்கு வருவோம். அந்த மின்னஞ்சலைத் திறந்தால் ஒரு பட்டை தெரியும், பக்கத்தில் வேகமானி மாதிரி ஒரு முள். பட்டையை வலப்பக்கம் இழுக்க இழுக்கத் தொகை ஏறும், முள் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும். 'வாய்ப்பு குறைவு', 'வாய்ப்பு அதிகம்' என்று எழுதியும் காட்டும். பல இடங்களில் திறந்தவுடனேயே முள் நடுவில் நிற்கும், குறைந்தபட்சத் தொகையில் நிற்காது. பாசத்தில் மகள் அதைப் பச்சைக்குத் தள்ளிவிடப்போகிறாள். தள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். குறைந்தபட்சம் ₹65,000 என்றால் அறுபத்தேழு, அறுபத்தெட்டில் நிறுத்தலாம். முடிவு பெரும்பாலும் கடைசி மூன்று நாட்களுக்குள்தான் வரும். அதுவரை தொகையை மாற்றலாம், பிட்டை எடுத்தும் விடலாம். பிசினஸ் காலியாகக் கிடந்தால் குறைந்த தொகையும் எடுபடும். நிரம்பிவிட்டால் பச்சையில் இருந்தாலும் கிடைக்காது. எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டினால் நான் விட்டுவிடுவேன்.

பிட் தோற்றால் ஒரு பைசா போகாது. ஜெயித்தால் உடனே கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், திரும்பக் கேட்க முடியாது. திரையில் காட்டுவது ஒரு ஆளுக்கு, ஒரு விமானத்துக்கு. நீங்கள் இருவரும் ஒரே பிஎன்ஆரில் இருப்பதால் கிடைத்தால் இருவருக்கும், இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை. பிட் ஏற்கப்படாவிட்டால் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரில் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். மிச்சம் இருக்கும் சீட்டை அங்கே ஒரு நிலையான விலைக்குக் கொடுப்பார்கள். சில நாள் பிட்டைவிட மலிவு, சில நாள் கொள்ளை. நல்ல சட்டை போட்டுப் போய்ச் சிரித்துப் பேசினால் இலவசமாக முன்னால் உட்கார வைப்பார்கள் என்று உறவினர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த அதிர்ஷ்டம் அடிக்கடி பறந்து கார்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலில் போகும்.

இன்னொன்று உங்கள் மனதில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்: "அவளை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்." பாதி செலவு மிச்சம்தான். அதற்கு பிஎன்ஆரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால், விமானம் ரத்தாகி வேறு விமானத்தில் மாற்றும்போது உங்களை ஒன்றிலும் அம்மாவை இன்னொன்றிலும் போட வாய்ப்பு உண்டு. ஃப்ராங்க்ஃபர்ட்டில் அப்படி ஒரு நிலை வேண்டாம். போதாக்குறைக்கு அம்மா அங்கே தனியாக உட்கார்ந்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் படுக்கை விரியும் என்று தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, பத்து மணி நேரமும் அறுபத்தையாயிர ரூபாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே போய்விடுவார். இருவருக்கும் வாங்குங்கள், அல்லது இருவருக்கும் வேண்டாம்.

சீட் வரைபடத்தையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புது விமானங்களில் பிசினஸ் வரிசை 1-2-1 என்று இருக்கும், அதாவது ஜன்னலோரம் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு. ஒவ்வொருவருக்கும் தனி அறை மாதிரி தடுப்பு. நீங்கள் நடுவில் இருக்கும் இரண்டு சீட்டை எடுங்கள். பழைய விமானங்களில் 2-2-2. தம்பதிகளுக்கு இது உண்மையில் வசதி, பக்கத்திலேயே இருப்பீர்கள். ஜன்னல் பக்கத்து ஜோடி சீட்டில் உள்ளே படுத்திருப்பவர் வெளியே வர, பக்கத்தில் நீட்டிப் படுத்திருப்பவரின் காலைத் தாண்ட வேண்டும். ஆகவே நடு ஜோடி. அங்கே இருவருக்குமே தனித்தனி நடைபாதை. ஏறினதும் விமானப் பணிப்பெண்ணிடம் படுக்கையை எப்படி விரிப்பது, எப்படி நிமிர்த்துவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். படுக்கை தாழ்வாக இருக்கும். அம்மா எழுந்திருக்கும்போது முதலில் சீட்டைப் பாதி நிமிர்த்திவிட்டு எழட்டும்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் சைவம் என்று எகானமியில் பதிவு செய்திருந்தால், கடைசி நேரத்தில் வகுப்பு மாறும்போது அந்தப் பதிவு கூடவே வராமல் போகலாம். முன்பு பணம் கட்டி வாங்கிய சீட்டுக்கும் பணம் திரும்பாது. பிட் ஜெயித்த மின்னஞ்சல் வந்த அன்றே மகள் கம்பெனியை அழைத்து சைவச் சாப்பாட்டை மறுபடி உறுதி செய்யட்டும். என்னைக் கேட்டால் ஏர்போர்ட்டுக்குள் போவதற்கு முன்பே தயிர்சாதத்தை முடித்துவிடுங்கள். ஏறியவுடன் "சாப்பாடு வேண்டாம், எழுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு வெள்ளை மேஜைத்துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாங்கின படுக்கையில் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

இவ்வளவும் வேண்டாம், மகள் காசும் காசுதான் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். அப்படியானால் முதல் நாளே சென்னைக்கு வந்துவிடுங்கள். ஏர்போர்ட் பக்கத்தில் மூவாயிரம், நாலாயிரத்துக்கு ஒரு ரூம் போட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாயங்காலம் வரை நன்றாகத் தூங்குங்கள். இருபது மணி நேர விழிப்பில் பாதி அங்கேயே கழிந்துவிடும். பிசினஸ் தரும் பலனில் ஒரு நல்ல பங்கு இதிலேயே கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். பிசினஸ் கிடைத்தாலும் இதைச் செய்யலாம், அது வேறு விஷயம். கூடுதல் பணம் கட்டி அவசர வழி ஓர சீட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவுக்கு வீல்சேர் கேட்பீர்கள், வீல்சேர் கேட்டிருப்பவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். முன்சுவர் சீட்டும் அவ்வளவு சிலாக்கியம் இல்லை. தொட்டில் மாட்டுகிற இடம் அது, அழுகைச் சத்தம் இருக்கும். காலை முழுக்க நீட்டவும் சுவர் விடாது.

வீல்சேருக்கும் வகுப்புக்கும் சம்பந்தமில்லை. எகானமியிலும் உண்டு. குறைந்தது இரண்டு நாள் முன்பே பதிவு செய்துவிடுங்கள், மூன்று ஊருக்கும் சேர்த்து. ஃப்ராங்க்ஃபர்ட் பெரிய ஏர்போர்ட், ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற நடையில் விமானத்தில் தூங்கினதெல்லாம் வீணாகிவிடும்.

இனிமேல் டிக்கெட் எடுக்கப்போகிற மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எடுக்கும்போதே பிரீமியம் எகானமி விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில மாதங்களில் வித்தியாசம் பிட் தொகையைவிடக் குறைவாக இருக்கும், அப்போது சீட் உறுதி, பெட்டி, மாற்றும் வசதி எல்லாம் அந்த வகுப்புக்கு உரியதாகக் கிடைக்கும். ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு 5 சதவீதம், அதற்கு மேலுள்ள வகுப்புகளுக்கு 18 சதவீதம். ஐரோப்பாவுக்குள் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள், அந்தக் குட்டி விமானத்தில் 'பிசினஸ்' என்பது பெரும்பாலும் அதே எகானமி சீட்தான், நடு சீட்டைக் காலியாக விடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கடைசியாகப் பெட்டி, ஐயா. பிட்டில் பிசினஸ் கிடைத்துவிட்டது என்று 32 கிலோ கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். பெரும்பாலான கம்பெனிகளில் அப்கிரேட் ஆனாலும் பெட்டிக் கணக்கு பழைய எகானமி டிக்கெட்டில் போட்டிருப்பதுதான், பெட்டிக்கு 23 கிலோ. பிரசவ லேகியம், பருப்புப்பொடி, குழந்தைக்குத் துணி என்று ஏறிக்கொண்டே போகும். கும்பகோணத்திலேயே எடை பார்த்துவிடுங்கள். லேகியத்தைக் கைப்பையில் வைக்காதீர்கள், குழைவான பொருள் என்று சோதனையில் எடுத்துவிடுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.